கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

சென்ற பள்ளித் தவணையில் ஒரு நாள், பள்ளி விட்டதும், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள். பாட்டியின் கையில் ஒரு விமானச் சீட்டு. மகன் எடுத்துக் கொடுத்ததாம். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அந்த அம்மையார் முதன்முறையாக விமானத்தில் போகப் போகிறார்.

“வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். காலையிலே ஒன்பதரைக்கு ஆகாசக் கப்பல் ஏறினா, பதினோரு மணிக்குச் சென்னையிலே எறங்கிடலாம்னு போட்டிருக்காம். அப்படின்னா ஒன்றரை மணி நேரம். திரும்பி வர்றப்போ, பகல் பன்னிரண்டுக்கு ஏறினா, சாயங்காலம் ஆறரைக்குத்தான் கொண்டாந்து விடுவாங்களாம். ஆறரை மணி நேரம்! ஒரே கடல், ஒரே வழி. வர்றப்போ மட்டும் ஏன் இப்படிச் சுத்திக்கிட்டு வரணும்?” என்று கேட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்ட கேள்வி இது. ஆனால், படித்தவர்கள் பலர் கேட்கத் தவறுகிற கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் மூன்று செய்திகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, தூரம். இரண்டாவது, வேகம். மூன்றாவது, கடிகாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தூரம். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். இது எவ்வளவு என்று மனத்தில் பதிய வேண்டுமானால் நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய 770 கிலோமீட்டர் நீளம். தீபகற்பத்தின் தலைமுதல் கால்வரை ஓடும் அந்தச் சாலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது சென்னைத் தூரம். கடலின்மேல் ஒரு சாலை இருந்து, அதில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து எங்கும் நில்லாமல் ஓடினால், போய்ச் சேர இருபத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்தத் தூரத்தை நம் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்கலாம். பள்ளியில் உலக உருண்டை ஒன்று இருக்கும். ஒரு நூலை எடுத்து, உருண்டையின் நடுவில் உள்ள நிலநடுக்கோட்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, அதன் நீளத்தை அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். அந்த நீளம் உலகத்தைச் சுற்றிய 40,000 கிலோமீட்டருக்குச் சமம். முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள உருண்டையானால் நூல் ஏறக்குறைய 94 சென்டிமீட்டர் வரும். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் நூல் சுமார் 425 கிலோமீட்டர். இனி நூலின் ஒரு முனையைக் கோலாலம்பூரின் மேல் வைத்து, மறுமுனையைச் சென்னைக்கு இழுத்துப் பிடியுங்கள். ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். பெருக்கிப் பாருங்கள். 2,630க்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள்.

இழுத்துப் பிடித்த அந்த நூல் எந்த வழியாகப் போகிறது என்பதையும் கவனியுங்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்திராவின் வடமுனையைத் தொட்டாற்போல் சென்று, நிக்கோபார் தீவுகளின் அருகே வங்காள விரிகுடாவில் நுழைந்து சென்னையை அடைகிறது. விமானமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் பறக்கிறது. போகும்போதும் இதுதான், வரும்போதும் இதுதான். ஆகவே, பாட்டி நினைத்ததுபோல் திரும்பி வரும் விமானம் எங்கும் சுற்றிக்கொண்டு வருவதில்லை.

இதே கடலை நம் முன்னோர்கள் எப்படிக் கடந்தார்கள்? என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரையில் நம்மவர்களைச் சுமந்தது. பினாங்கு வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது கடலில் தீப்பிடித்தது. உயிர்களும் போயின. அத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் நின்றது. ஊரில் ஒரு சாவு என்று கடிதம் வந்து, இங்கிருந்து கப்பல் பிடித்துப் போவதென்றால், கருமாதியும் முடிந்திருக்கும். அதனால்தான் பலர் போகவே இல்லை. இங்கேயே ஆற்றங்கரையில் தலைமுழுகிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். தூரம் என்பது அவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு அன்று. முகம் பார்க்க முடியுமா, முடியாதா என்பதுதான் கணக்கு.

இரண்டாவதாக, வேகம். இந்த வழியில் செல்லும் விமானம் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விமானத்தை அது அதிகம் தடுப்பதில்லை. எரிபொருளும் குறைவாகச் செலவாகும். வெளியே உறைபனியைவிடக் கடுங்குளிர். உள்ளே நமக்கு அது தெரியாது.

2,630 கிலோமீட்டரை 840ஆல் வகுத்தால் மூன்று மணி எட்டு நிமிடம் வருகிறது. ஆனால், இந்தப் பயணத்துக்கு உண்மையில் மூன்றே முக்கால் மணி முதல் நான்கு மணி நேரம் ஆகிறது. மீதி நேரம் எங்கே போயிற்று?

நம் தோட்டத்து லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையில் அது எண்பதில் ஓடும். ஆனால், பால் கொட்டகையிலிருந்து செம்மண் பாதையில் மெல்லத்தான் ஊர்ந்து வரும். தொழிற்சாலை வாசலில் வரிசையில் நிற்கும். விமானமும் அப்படித்தான். இருக்கைகளை விட்டு நாம் அசைவதற்கு முன்பே சீட்டின் கணக்கு தொடங்கிவிடுகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததுமுதல், மறுபக்கத்தில் போய் நிற்கும்வரை உள்ள நேரம்தான் பயண நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லச் சில நிமிடங்கள். முறை வரும்வரை காத்திருக்கச் சில நிமிடங்கள். உயரே ஏறும்போது முழு வேகம் இல்லை. இறங்குவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். வானத்திலும் குறிக்கப்பட்ட பாதைகள் உண்டு. நூல் பிடித்தாற்போல் முற்றிலும் நேராகப் போக முடியாது. இவையெல்லாம் சேர்ந்துதான் மூன்று மணி நேரம் நான்கு மணி நேரமாகிறது.

காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆற்றில் நீரோட்டத்தோடு போகும் படகு விரைவாகவும், எதிர்த்துப் போகும் படகு மெதுவாகவும் செல்வதைப் பார்த்திருக்கிறோம். ஜப்பானின் மேல் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே மிக வலிய காற்று உயரத்தில் வீசுகிறது. அதனால் கோலாலம்பூரிலிருந்து தோக்கியோ போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேரும். திரும்பி வருவது தாமதமாகும். நம் சென்னை வழி நிலநடுக்கோட்டை ஒட்டிய வழி. இங்கே காற்றால் வரும் வேறுபாடு பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். எனவே, போக நான்கு மணி, வர நான்கு மணி என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. திருச்சிராப்பள்ளிக்குப் போவோருக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். தூரம் சற்றே கூடும், அவ்வளவே.

நான்கு மணி நேரம் என்றால் எவ்வளவு? விடியற்காலை பெரட்டு முடிந்து, நிரையில் இறங்கி, மரம் வெட்டி முடித்து, பாலெடுக்கப் போகும் நேரம். அதற்குள் தாத்தாவின் ஒரு வாரக் கடல் கடந்துபோகிறது.

இனி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். போக நான்கு, வர நான்கு என்றால், சீட்டில் ஏன் ஒன்றரை என்றும் ஆறரை என்றும் இருக்கிறது? இங்கேதான் மூன்றாவது செய்தியாகிய கடிகாரம் வருகிறது.

விமானச் சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் ஒரே கடிகாரத்தின் நேரங்கள் அல்ல. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம். சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். நாம் முன்னே, அவர்கள் பின்னே. இங்கே காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால், நம் கைக்கடிகாரத்தில் பகல் ஒன்றரை. சென்னைக் கடிகாரத்தில் அப்போது பதினோரு மணி. அதைத்தான் சீட்டில் போட்டிருக்கிறார்கள். திரும்பும்போது சென்னையில் பகல் பன்னிரண்டுக்குப் புறப்பட்டால், சென்னைக் கணக்குப்படி மாலை நான்குக்கு இறங்குகிறோம். அப்போது நம் ஊரில் ஆறரை மணி. அவ்வளவுதான் விஷயம்.

பிள்ளைகளுக்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறேன். போகும்போது சீட்டில் தெரியும் ஒன்றரையையும், வரும்போது தெரியும் ஆறரையையும் கூட்டுங்கள். எட்டு. அதைப் பாதியாக்கினால் நான்கு. அதுதான் ஒரு வழிக்கு உண்மையான பயண நேரம். இனி, ஆறரையிலிருந்து ஒன்றரையைக் கழியுங்கள். ஐந்து. அதைப் பாதியாக்கினால் இரண்டரை. அதுதான் இரு நாட்டுக் கடிகாரங்களின் வித்தியாசம். உலகில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இந்தக் கணக்கை ஏறக்குறையப் பயன்படுத்தலாம்.

ஏன் இந்த இரண்டரை மணி? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கோலாலம்பூர் கிழக்கே ஏறக்குறைய நூற்றிரண்டாவது பாகையை ஒட்டியும், சென்னை எண்பதாவது பாகையை ஒட்டியும் உள்ளன. சூரியனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான் இருக்க வேண்டும். ஆனால், ஒவ்வொரு நாடும் தன் முழு நிலப்பரப்புக்கும் பொதுவான ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இந்தியா எண்பத்திரண்டரைப் பாகைக் கோட்டைத் தேர்ந்தெடுத்தது. நாமோ நூற்றிருபதாவது பாகையின் நேரத்தை வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் இடையே முப்பத்தேழரைப் பாகை. நான்கால் பெருக்கினால் 150 நிமிடம். அதாவது இரண்டரை மணி.

இந்த நூற்றிருபதாவது பாகைக் கோடு நம் நாட்டின் நிலத்தையே தொடுவதில்லை. அது சபாவுக்கும் கிழக்கே பிலிப்பீன்ஸ் பக்கம் போகிறது. அந்த நேரம் நமக்கு வந்தது 1982ஆம் ஆண்டில். அதற்குமுன் தீபகற்பத்தின் நேரம் சபா, சரவாக் நேரத்தைவிட அரைமணி பின்னே இருந்தது. நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்று, 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகார முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். சிங்கப்பூரும் அன்றே மாற்றிக்கொண்டது. என் தந்தையார் அதைப்பற்றிச் சொல்வார்: “கெடியாரந்தான் அரைமணி ஓடுச்சு. சூரியன் ஓடலை. மறுநாள் பெரட்டுல நிக்கிறப்போ பக்கத்து ஆளு மொகம் தெரியல.” நம் மூத்தவர்கள் சிலர் இன்னும் ஊருக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. பழைய கணக்கு. 1982 முதல் அது இரண்டரை.

இதுவரை சொன்னது அறிவுக்கு உரியது. இனிச் சொல்லப்போவது வாழ்க்கைக்கு உரியது. சொல்வதற்கு எனக்கே வெட்கமாக இருந்தாலும், சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

எங்கள் லயத்தில் எனக்கு அத்தை முறையாகும் ஓர் அம்மையார் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவருக்கு ஓர் அக்காள். உடல்நலம் மிக மோசம், உடனே வரவும் என்று செய்தி வந்தது. அக்கம்பக்கத்தார் கடன் கொடுத்து உதவ, சீட்டு எடுக்கப்பட்டது. தோட்டத்தில் எந்தத் தாள் வந்தாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். நானும் படித்தேன். தேதி 14. நேரம் 00.20. “பதினாலாம் தேதி இராத்திரி பன்னிரண்டு இருபது அத்தை. அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பினால் போதும்” என்று சொன்னேன்.

பதினான்காம் தேதி இரவு ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் போய் நின்றோம். முகப்பில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, “இந்த விமானம் இன்று விடியற்காலையே போய்விட்டதே அம்மா” என்றார். இரவு பன்னிரண்டு மணி அடித்ததும் தேதி மாறிவிடுகிறது. பதினான்காம் தேதி 00.20 என்றால், பதின்மூன்றாம் தேதி இரவு நாம் விழித்திருக்கும்போது வரும் பன்னிரண்டு இருபது. நாங்கள் ஒரு முழு நாள் பிந்திப் போயிருந்தோம்.

மறுநாள் இரவு வேறொரு விமானத்தில் இடம் கிடைத்தது. அத்தை ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினான்காம் தேதி மாலைவரை அந்த அக்காள் நினைவோடு இருந்தாராம். தங்கை வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் சீட்டைச் சரியாகப் படித்திருந்தால், அத்தை அன்று அதிகாலை இரண்டு மணி அளவில் சென்னையில் இறங்கி, பகல் பொழுதுக்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். கப்பல் ஓடிய காலத்தில் கடல் செய்ததை, விமானம் பறக்கும் காலத்தில் என் கவனக்குறைவு செய்துவிட்டது. அத்தை என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தவறு என்னோடு முடியட்டும். இது ஏன் நேருகிறது என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். நம் வழக்கில் விடிந்தால்தான் மறுநாள். நடு இரவைக்கூட நாம் முதல் நாள் கணக்கில்தான் சேர்த்துப் பேசுகிறோம். விமானச் சீட்டுக்கோ, பன்னிரண்டு அடித்தாலே மறுநாள். சென்னைக்குப் போகும், வரும் விமானங்களில் சில இப்படி நள்ளிரவை ஒட்டியே பறக்கின்றன. ஆகவே, சீட்டு கையில் கிடைத்ததும் நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, நேரம் சுழியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 00 என்று தொடங்கினால், சீட்டில் உள்ள தேதிக்கு முதல் நாள் மாலையே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். நாட்காட்டியில் அந்த முதல் நாளைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள். 01, 02 என்று தொடங்கினாலும் இதே கதைதான்.

இரண்டாவது, பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண்ணானால் பன்னிரண்டைக் கழியுங்கள். 18.30 என்றால் மாலை ஆறரை.

மூன்றாவது, விமானம் புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருங்கள். தோட்டத்திலிருந்து அங்கே போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஊரிலிருந்து வருபவரை அழைத்துவரப் போகும்போது, சீட்டில் உள்ள சேரும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் கடிகாரத்தின் நேரம். அதோடு இரண்டரையைக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் இரண்டரையைக் கழித்துப் பாருங்கள். நாம் ஐந்து மணிக்கு எழுந்து பசியாறும்போது அங்கே இரவு இரண்டரை. அந்த நேரத்தில் மணி அடித்தால், அங்கே உள்ளவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று பதறி எழுவார்கள்.

பாட்டியின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேனே! உலக உருண்டையில் நூலைப் பிடித்துக் காட்டியபோது அவர் தம் விரலை அதன்மேல் வைத்து, “இம்புட்டுத்தானா?” என்று கேட்டார். பிறகு தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் காட்டி, “அங்க போனாலும் இதை நான் திருப்பி வைக்க மாட்டேன். பேத்தி பள்ளிக்கூடம் போற நேரம் எனக்குத் தெரியணும்ல” என்றார். சரியான முடிவுதான். கழிக்கத் தெரிந்தவருக்கு ஒரே கடிகாரம் இரண்டு ஊருக்கும் போதும்.

இன்று கோலாலம்பூர் விமானங்கள் புறப்படும் சிப்பாங் நிலையம் 1998இல் திறக்கப்பட்டது. அந்த நிலத்தில் முன்பு செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. நம்மவர்கள் குலை வெட்டிய மண்ணிலிருந்துதான் இன்று நம்மவர்கள் பறந்து போகிறார்கள். நான்கு மணி நேரப் பயணம் அது. அந்த நான்கு மணி நேரத்தைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது ஒவ்வொரு லயத்திலும் இருக்க வேண்டும். இன்று மாலையே உங்கள் பிள்ளையை அழைத்து, ஒரு சீட்டை, அல்லது ஒரு தாளில் எழுதிய இரண்டு நேரங்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அது படித்ததை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். வாத்தியார் படித்துச் சொன்னதானாலும் சரிபாருங்கள்.